வண்ணம் பெற்ற தெருக்கள்: கிழக்கு லண்டன் வழியே ஒரு சமூகவியல் பயணம்

லண்டனின் நிதி நிறுவனங்கள் நெருங்கி நிற்கும் 'சிட்டி' பகுதியின் கிழக்கு விளிம்பில், லிவர்பூல் ஸ்ட்ரீட் ரயில் நிலையத்திலிருந்து புறப்பட்டு, ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ், பெத்னல் கிரீன், வைட்சாப்பல் வழியாகத் தேம்ஸ் ஆற்றங்கரையின் பழைய கப்பல் துறைகள் வரை செல்லும் வழி ஒரே பகலில் நடந்து முடிக்கக்கூடியது. ஆயினும் குடும்பம், கல்வி, உழைப்பு, குற்றம், ஏற்றத்தாழ்வு ஆகியவை குறித்துப் பிரித்தானியச் சமூகவியல் கண்டறிந்தவற்றில் கணிசமான பகுதி இந்தத் தெருக்களில் வீடு வீடாகக் கதவைத் தட்டித் திரட்டப்பட்டதாகும். சுற்றுலா வழிகாட்டிகள் காட்டும் கிழக்கு லண்டன் வேறு. ஆய்வாளர்களின் தடம் பற்றிச் செல்பவர் காணும் கிழக்கு லண்டன் வேறு. இரண்டாவது வழியைத் தேர்ந்துகொள்பவருக்கு ஒரு கேள்வி இடந்தோறும் எதிர்ப்படுகிறது: ஒரு தெருவை, ஒரு குழந்தையை, ஒரு தொழிலாளியை 'இன்ன தரம்' என்று வகைப்படுத்தும் அதிகாரம் யார் கையில் இருக்கிறது, அவ்வகைப்பாடு அதற்கு உள்ளானவர்களின் வாழ்வை எப்படித் திருப்பிவிடுகிறது?

இக்கேள்வியின் தோற்றுவாய் ஒரு வரைபடம். லிவர்பூலைச் சேர்ந்த கப்பல் உரிமையாளரான சார்ல்ஸ் பூத் 1886-இல் தம் சொந்தச் செலவில் தொடங்கிய ஆய்வு, 1889-இல் முதல் தொகுதியாக வெளிவந்து, 1903-இல் 17 தொகுதிகளாக நிறைவுற்றது. பள்ளி செல்லும் வயதுக் குழந்தைகள் உள்ள வீடுகளுக்கெல்லாம் சென்று வந்த லண்டன் பள்ளி வாரியத்தின் அலுவலர்கள், ஒவ்வொரு குடும்பத்தின் வேலை, வருமானம், பழக்கவழக்கம் ஆகியவற்றை அறிந்திருந்ததால், அவர்களை வினவியே பூத்தின் உதவியாளர்கள் தொடக்கத் தரவுகளைத் திரட்டினர். பின்னர் ரோந்து செல்லும் காவலர்களுடன் தெருத்தெருவாக நடந்தும் குறிப்பெடுத்தனர். இவ்வாறு திரண்ட செய்தி ஏழு வண்ணங்களாக வரைபடத்தில் ஏறியது. செல்வர் வாழும் தெருவுக்குப் பொன்மஞ்சள், நடுத்தர வர்க்கத்துக்குச் சிவப்பு, போதிய ஊதியம் பெறுவோருக்கு இளஞ்சிவப்பு, கலப்பான தெருவுக்கு ஊதா, வறியோருக்கு வெளிர்நீலம், மிக வறியோருக்குக் கருநீலம். கடைசியாக, ஒழுக்கங்கெட்டவர்களும் பாதிக் குற்றவாளிகளுமான கீழ்நிலை வகுப்பினர் என்ற விளக்கத்துடன் கருப்பு. அந்த ஆய்வின் கையேடுகளும் வரைபடங்களும் லண்டன் பொருளியல் கல்லூரியின் நூலகத்தில் இன்றும் பாதுகாக்கப்பட்டு வருகின்றன.

ஆறு வண்ணங்கள் வருவாயைக் குறிக்க, ஏழாவது வண்ணம் மட்டும் ஒழுக்கத்தைக் குறிக்கிறது என்பதை வரைபடத்தைப் பார்ப்பவர் எளிதில் கவனிப்பதில்லை. பணமின்மையின் படிகளில் இறங்கிக்கொண்டே போனால் அடியில் குற்றம் கிடைக்கும் என்ற எண்ணத்தை, ஒரு சொல்லும் வாதிடாமல், அந்த வண்ண வரிசையே பார்ப்பவர் மனத்தில் பதித்துவிடுகிறது. ஆனால் பூத்தின் சொந்தக் கணக்கு அந்த எண்ணத்துக்கு எதிராகவே நின்றது. ஏறத்தாழ 4,000 ஏழைக் குடும்பங்களில் வறுமைக்கான காரணத்தை அவர் ஆராய்ந்தபோது, மிக வறியவர்களில் 55 விழுக்காட்டினருக்கும் அவர்களுக்கு மேல்நிலையிலிருந்த வறியவர்களில் 68 விழுக்காட்டினருக்கும் நிலையற்ற வேலை, குறைந்த கூலி போன்ற உழைப்புச் சிக்கல்களே காரணமாயிருந்தன. நோயும் குடும்பப் பெருக்கமும் அடுத்து வந்தன. குடியும் சோம்பலும் ஐந்தில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை. லண்டன் மக்களில் 30.7 விழுக்காட்டினர் வறுமையில் இருந்தனர் என்ற கண்டுபிடிப்பும், முதியோருக்கு அரசு ஓய்வூதியம் வேண்டும் என்று அவர் ஆண்டுக்கணக்கில் வலியுறுத்தி வந்ததும் நன்றியுடன் நினைக்கத்தக்கவை. அதே மனிதர், மிக வறிய வகுப்பினரை நகரிலிருந்து அகற்றித் தொழில் குடியிருப்புகளில் வைக்கலாம் என்றும் எழுதினார் என்பதையும் மறைக்கலாகாது. எண்கள் ஒன்று சொல்ல, வகைப்பாடு வேறொன்று சொன்னது. ஆட்சியாளர்களின் காதில் முதலில் விழுந்தது வகைப்பாடுதான்.

அதன் விளைவைக் கண்ணால் காண, ஷோர்டிச் பகுதியின் பின்புறத்திலுள்ள ஆர்னல்ட் சர்க்கஸ் என்னும் வட்டத் திடலுக்குச் செல்ல வேண்டும். நடுவில் மரங்கள் சூழ்ந்த ஒரு மேடு, உச்சியில் இசைக்குழு அமர்ந்து வாசிப்பதற்கான மண்டபம், சுற்றிலும் சக்கரத்தின் ஆரக்கால்கள் போலப் பிரியும் தெருக்கள், அவற்றின் இருமருங்கிலும் செங்கல் வரிகளுக்கிடையே வெளிர்நிற வரிகள் ஓடும் ஐந்து மாடிக் கட்டடங்கள் என்று இன்று லண்டனின் அழகிய இடங்களுள் ஒன்றாக அது விளங்குகிறது. 1900-இல் திறக்கப்பட்ட பவுண்டரி எஸ்டேட் என்னும் இது, உள்ளாட்சி அமைப்பு தன் செலவில் கட்டி வாடகைக்கு விட்ட குடியிருப்புகளில் உலகின் மிகப் பழையவற்றுள் ஒன்றாகும். நடுவிலுள்ள மேடு இயற்கையானதன்று. பூத்தின் வரைபடத்தில் கருப்பு பெற்ற ஓல்ட் நிக்கல் என்ற சேரியை இடித்த இடிபாடுகளைக் குவித்து அமைத்தது. அச்சேரியிலிருந்து வெளியேற்றப்பட்டோர் 5,700-க்கும் மேற்பட்டோர். அவர்களுள் புதிய கட்டடங்களில் இடம் பெற்றவர்கள் 11 பேர் மட்டுமே என்று பதிவுகள் கூறுகின்றன. புதிய வாடகையை நாட்கூலிக்காரர்களால் கட்ட முடியவில்லை. வீட்டுக்குள் தொழில் செய்யக் கூடாது என்பன போன்ற விதிகளுக்கு, வீட்டையே பட்டறையாகக் கொண்டு பெட்டி செய்தும் துணி தைத்தும் பிழைத்தவர்களால் உட்பட முடியவில்லை. ஆகவே அவர்கள் பக்கத்துத் தெருக்களின் நெரிசலுக்குள் சென்று ஒண்டினர். புதிய வீடுகள் நிலையான ஊதியமுள்ள கைவினைஞர்களையும் எழுத்தர்களையும் சென்றடைந்தன. கட்டடங்களின் நேர்த்தியை வியக்கும் ஒவ்வொருவரும் அந்த மேட்டின் படிகளில் ஏறும்போது இக்கணக்கையும் அறிந்திருப்பது நல்லது.

அங்கிருந்து தெற்கே இறங்கும் பிரிக் லேன் தெருவில் தெருப்பெயர்ப் பலகைகள் ஆங்கிலத்திலும் வங்காளியிலும் இருக்கின்றன. ஃபூர்னியே தெரு முனையில், பிரான்சிலிருந்து அடக்குமுறைக்கு அஞ்சி வந்த ஹியூகனாட் நெசவாளர்கள் 1743-இல் கட்டிய தொழுகைக்கூடம், பின்னர் மெதடிஸ்ட் ஆலயமாகி, 1898-இல் யூதர் ஜெபாலயமாகி, 1976-இல் பள்ளிவாசலானது. சுவரின் உச்சியிலுள்ள சூரியக் கடிகாரத்தில் பழைய ஆண்டு இன்னமும் காணப்படுகிறது. இந்த ஒரு கட்டடத்தைக் காட்டி வந்தோரையெல்லாம் ஏற்றுக்கொண்ட வட்டாரம் என்று பாராட்டுவது வழக்கம். அந்தப் பாராட்டு பாதி உண்மைதான். ஹியூகனாட், யூதர், வங்காளியர் என்னும் மூன்று குடியேற்றங்களையும் இங்கே ஈர்த்தது துணி சார்ந்த தொழில். மூன்றையும் பிழிந்ததும் அதுவே. இருட்டறைப் பட்டறைகளில் துண்டுக்கு இவ்வளவு என்ற கூலிக்கு நெடுநேரம் தைக்கும் முறையை ஆராய்வதற்காக, பூத்தின் ஆய்வில் பணிபுரிந்த பியாட்ரிஸ் பாட்டர் 1888-இல் கால்சட்டை தைக்கும் பெண்ணாக வேடமிட்டு வேலைக்குச் சேர்ந்தார். ஆய்வாளர் தாம் ஆராயும் மக்களுடன் சேர்ந்து வாழ்ந்தும் உழைத்தும் செய்தி அறிவதைச் சமூகவியல் 'பங்கேற்று நோக்கல்' என்கிறது. அம்முறைக்கு இது ஒரு முன்னோடி முயற்சி. ஒன்பது பத்தாண்டுகள் கழித்து, வேலை முடிந்து வீடு திரும்பிக்கொண்டிருந்த அல்தாப் அலி என்ற வங்காளித் தையல் தொழிலாளி, 1978 மே 4 அன்று இனவெறியால் கொல்லப்பட்டார். அவர் பெயர் தாங்கிய பூங்கா வைட்சாப்பல் சாலையோரம் இருக்கிறது.

குடும்பம் பற்றிய ஆய்வு பெத்னல் கிரீனில் தொடங்குகிறது. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் அமெரிக்கச் சமூகவியலர் டால்காட் பார்சன்ஸ், தொழில்மயமான சமூகத்துக்கு ஏற்றது கணவன், மனைவி, குழந்தைகள் மட்டும் அடங்கிய தனிக்குடும்பமே என்றும், வேலை கிடைக்கும் இடத்துக்கு எளிதில் பெயர்ந்து செல்ல உறவுச்சுமை இல்லாதிருத்தல் உதவுகிறது என்றும் கருதினார். சமூகத்தின் ஒவ்வொரு உறுப்பும் முழுமையின் நலனுக்காக ஒரு பணியைச் செய்கிறது என்று கொள்ளும் 'செயற்பாட்டியல்' பார்வை இது. இதற்கு மாறாக, பிரித்தானிய ஆய்வாளர்களான மைக்கேல் யங், பீட்டர் வில்மாட் ஆகிய இருவரும் பெத்னல் கிரீனில் தங்கள் சமூக ஆய்வு நிறுவனத்தை அமைத்துக்கொண்டு, 1957-இல் வெளியிட்ட கிழக்கு லண்டன் குடும்ப உறவு பற்றிய நூலில், உலகின் மிகப் பழைய தொழில் நகரங்களுள் ஒன்றின் நடுவிலேயே உறவுவலை உயிரோடு இருந்ததை நிறுவினர். அந்த வலையின் முடிச்சு தாய். மணமான பெண்களில் தாய் உயிரோடிருந்தவர்களுள் பாதிக்கும் மேற்பட்டோர், முந்தைய ஒரு நாளுக்குள் தாயைப் பார்த்திருந்தனர். மகளுக்கு வாடகை வீடு வேண்டும் என்று வாடகை வசூலிப்பவரிடம் சொல்லி வைப்பதும், பேறுகாலத்தில் உடனிருப்பதும், பேரக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்வதும் தாயே. தாய்வீட்டுத் துணை என்பது என்ன என்று தமிழ் வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை. நிலையற்ற வேலையும் நோயும் எந்நேரமும் வாசலில் நின்ற வாழ்வில், அரசு தராத காப்பீட்டை உறவு தந்துகொண்டிருந்தது.

அவ்வலை அறுந்த இடத்தைக் காணச் சென்ட்ரல் லைன் ரயிலில் கிழக்கே செல்ல வேண்டும். 1943 மார்ச் 3 அன்று, குண்டுவீச்சுக்கு அஞ்சிப் பதுங்கச் சென்றவர்கள் படிக்கட்டில் நெரிசலுற்று 173 பேர் மாண்ட அதே பெத்னல் கிரீன் நிலையத்தில் ஏறினால், லேட்டனுக்கருகில் சுரங்கத்தைவிட்டு வெளிவரும் ரயில், மரங்களடர்ந்த எஸ்ஸெக்ஸ் புறநகர்களைக் கடந்து டெப்டனை அடைகிறது. யங்கும் வில்மாட்டும் 'கிரீன்லீ' என்ற புனைபெயரில் குறிப்பிட்ட ஊர் இதுவே. குண்டுவீச்சில் சிதைந்த வீடுகளுக்கும் இடிக்கவிருந்த சேரிகளுக்கும் மாற்றாகப் போருக்குப் பின் லண்டன் கவுண்டி மன்றம் கட்டிய குடியிருப்பு. முன்புறம் புல்தரை, பின்புறம் தோட்டம், உள்ளே குளியலறை. இவை அற்பமானவை அல்ல. தெருக்கோடிக் குழாயையும் முற்றத்துக் கழிப்பறையையும் பகிர்ந்து வாழ்ந்தவர்கள் குழந்தைகளின் உடல்நலம் கருதி விரும்பியே வந்தனர். வந்தபின், கணவன் நெடுந்தொலைவு வேலைக்குச் செல்ல, மனைவி நாள் முழுதும் பேச்சுத்துணையின்றி வீட்டில் இருந்தார். தாயைக் காண ரயில் கட்டணம் வேண்டியிருந்தது. தொலைக்காட்சி பெத்னல் கிரீனைவிட இங்கே விரைந்து பரவியது. வீடுகளை ஒதுக்கிய அலுவலகம் குடும்பத்தை எண்ணிய முறையில்தான் பிழை நேர்ந்தது. விண்ணப்பப் படிவம் கணவன், மனைவி, குழந்தைகளை மட்டுமே குடும்பமாகக் கொண்டது. இரண்டு தெரு தள்ளியிருந்த தாய்க்கு அதில் இடமில்லை. திட்டமிடுவோர் நல்லெண்ணத்துடன் செய்த இப்பிழை உலகெங்கும் சேரி மாற்றுத் திட்டங்களில் இன்றும் தொடர்கிறது; சென்னையின் கூவம் கரையிலிருந்து பெரும்பாக்கத்துக்கும் கண்ணகி நகருக்கும் அனுப்பப்பட்டவர்கள் இழந்தவற்றுள் வேலையோடு உறவுத்துணையும் ஒன்று.

ஆனால் உறவின் அரவணைப்பைப் புகழும்போது, அதன் உழைப்பை யார் செய்தார் என்ற கேள்வியும் எழவேண்டும். யங், வில்மாட் இருவரின் நூலுக்கு முன்னுரை எழுதிய சமூகநலப் பேராசிரியர் ரிச்சர்ட் டிட்மஸின் மகள் ஆன் ஓக்லி, லண்டனில் 40 இல்லத்தரசிகளை நேர்கண்டு, வீட்டுவேலையையும் ஒரு தொழிலாகவே கருதி, அதன் நேரம், சலிப்பு, தனிமை ஆகியவற்றைத் தொழிற்சாலை வேலையுடன் ஒப்பிட்டு 1974-இல் நூல் வெளியிட்டார். கூலி இல்லாததால் வேலை என்று எண்ணப்படாத வேலையைக் கணக்கில் கொண்டுவந்த இப்பெண்ணியப் பார்வைக்குப் பின்னர், பெத்னல் கிரீன் தாய்மாரின் ஓயாத ஓட்டத்தைப் பாசம் என்ற ஒரே சொல்லில் அடக்கிவிட முடியாமற்போயிற்று.

கல்வியில் வகைப்பாடு குழந்தையின் பதினோராம் வயதில் நிகழ்ந்தது. 1944 கல்விச் சட்டத்துக்குப் பின், அவ்வயதில் எழுதும் ஒரு தேர்வு, சிலரைப் பல்கலைக்கழகம் நோக்கிய இலக்கணப் பள்ளிகளுக்கும், பெரும்பாலோரைப் பதினைந்து வயதில் வேலைக்கு அனுப்பும் நவீன உயர்நிலைப் பள்ளிகளுக்கும் பிரித்தது. குடும்பத்தை ஆராய்ந்த அதே மைக்கேல் யங், 1958-இல் எழுதிய எதிர்காலக் கற்பனை நூலில், அறிவுத்திறனும் முயற்சியும் மட்டுமே உயர்வைத் தீர்மானிக்கும் 'தகுதியாட்சி' என்னும் ஏற்பாட்டை வருணித்து, அதில் தோற்றவர்கள் தங்கள் தாழ்வுக்குத் தாங்களே காரணம் என்று நம்பவைக்கப்படுவர் என எச்சரித்தார். எச்சரிக்கையாகப் பிறந்த அச்சொல்லை அரசியலாளர்கள் பின்னர் இலட்சியமாக ஏந்தியது அவரை இறுதிவரை வருத்தியது. பள்ளி மதிக்கும் பேச்சு, வாசிப்பு, நடத்தை ஆகியவை வசதியுள்ள வீடுகளில் குழந்தைக்கு இயல்பாகக் கிடைக்கும் சொத்து என்பதைப் பிரெஞ்சுச் சமூகவியலர் பியர் பூர்தியு 'பண்பாட்டு மூலதனம்' என்றார். அச்சொத்து இல்லாத வீட்டுக் குழந்தைகளால் முன்னேறவே முடியாது என்று முடிவு கட்டுவதும் ஒரு முத்திரைதான். 1990-களின் இறுதியில் இங்கிலாந்தின் கல்வி நிர்வாகப் பகுதிகளின் தரவரிசையில் கடைசியிலிருந்த, இத்தெருக்கள் அடங்கிய டவர் ஹாம்லெட்ஸ், ஆசிரியர் நியமனத்திலும் பள்ளித் தலைமையிலும் பணத்திலும் தொடர்ந்து கவனம் செலுத்தியதால், ஏழைக் குழந்தைகள் மிகுந்த பகுதியாக இருந்துகொண்டே ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகளில் நாட்டின் சராசரியைத் தாண்டியது. 2023 முதல் தொடக்கப்பள்ளியில் மட்டுமன்றி உயர்நிலைப் பள்ளியிலும் எல்லா மாணவர்க்கும் அங்கே இலவச மதிய உணவு கிடைக்கிறது. யார் ஏழை என்று வரிசையில் பிரித்துக் காட்டாமல் எல்லோருக்கும் சோறிடுவதன் அருமையைச் சத்துணவு உண்டு வளர்ந்த தமிழகம் நன்கறியும்.

வைட்சாப்பல் சந்தையில் வெண்டைக்காயும் பச்சைமிளகாயும் எஃகுக் கிண்ணங்களில் குவிக்கப்பட்டு, ஒரு கிண்ணம் ஒரு பவுண்டு என்று விற்கப்படுகின்றன. உறைந்த ஹில்சா மீன் விற்கும் கடைகளுக்கு எதிரே பழைய மருத்துவமனைக் கட்டடத்தில் நகர மன்றம் இயங்குகிறது. மாலையானால் 1888-இல் பெண்களைக் கொன்ற அடையாளம் தெரியாத கொலைகாரனின் கதையைச் சொல்லிக் கூட்டங்களை அழைத்துச் செல்லும் வழிகாட்டிகளின் குரல் சந்துகளில் கேட்கிறது. கொல்லப்பட்டவர்களில் பெரும்பாலோர் படுக்கைக்குச் சில பென்னி தர வேண்டிய மலிவுத் தங்குவிடுதிகளை நம்பி வாழ்ந்த ஏழைப் பெண்கள் என்பதும், தெருவில் அவர்கள் நின்றதற்கு அந்தப் பென்னிகளே காரணம் என்பதும் அக்கதைகளில் இடம்பெறாமல் போவது வேதனையானது. குற்றத்துக்கு இரையாவதிலும் ஏற்றத்தாழ்வு உண்டு. குற்றம் செய்பவர் பற்றிய ஆய்விலோ, சமூகவியலர் டேவிட் டவுன்ஸ் 1966-இல் வெளியிட்ட ஸ்டெப்னி, பாப்லர் இளைஞர்கள் பற்றிய நூல் இங்கே முக்கியமானது. உயர்நிலை கிடைக்காத ஏக்கத்தால் இளைஞர்கள் கும்பல் சேர்கின்றனர் என்ற அமெரிக்கக் கோட்பாட்டைச் சோதிக்கக் களமிறங்கியவர், அத்தகைய கும்பல்களையே அதிகம் காணவில்லை. பள்ளியிலும் வேலையிலும் தங்களுக்கு எதுவும் இல்லை என்று மனம் விலகி, ஓய்வுநேரத்தில் மட்டும் உயிர்ப்பைத் தேடிய பையன்களையே கண்டார். ஒரு செயலின் இயல்பைவிட, அதைக் குற்றம் என்று அறிவித்து ஆளை முத்திரையிடும் அதிகாரமே கவனிக்கத்தக்கது என்பது அமெரிக்கச் சமூகவியலர் ஹவர்ட் பெக்கர் 1963-இல் விளக்கிய 'முத்திரைக் கோட்பாடு'. 1824-இன் அலைந்து திரிவோர் சட்டத்தில், சந்தேகத்தின் பேரிலேயே ஒருவரைக் கைதுசெய்ய இடந்தந்த பிரிவு, கறுப்பின இளைஞர்கள் மீது மிகுதியாகப் பாய்ந்து, பெரும் எதிர்ப்புக்குப் பின் 1981-இல்தான் நீக்கப்பட்டது. தெருவில் நிறுத்திச் சோதிக்கும் வழக்கத்தில் அந்த வேறுபாடு இன்னும் மறையவில்லை.

கப்பல் துறைகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை, ஏனெனில் கப்பல்கள் இல்லை. விடியற்காலையில் வாயிலில் கூடி நிற்கும் கூட்டத்திலிருந்து அன்றைய வேலைக்கு ஆளெடுக்கும் முறையும், மணிக்கு ஆறு பென்னி கேட்டு 1889-இல் வென்ற வேலைநிறுத்தமும் அருங்காட்சியகச் செய்திகளாகிவிட்டன. கடைசித் துறைகள் 1981-க்குள் மூடப்பட்டு, அவ்விடத்தில் கேனரி வார்ஃபின் வங்கிக் கோபுரங்கள் எழுந்தன. துறைமுகத் தொழிலாளியின் மகனுக்கு அங்கே எளிதில் இடம் கிடைக்கவில்லை. பெத்னல் கிரீன் முதியோரை ஆராய்ந்து வளர்ந்த பீட்டர் டவுன்சென்ட், பட்டினியை மட்டுமே வறுமை என்னாமல், தன் சமூகத்தில் இயல்பெனக் கருதப்படும் வாழ்வில் பங்கேற்க முடியாமையே வறுமை என்று 1979-இல் வரையறுத்தார். கோபுரத்தின் நிழல் விழும் தெருவில் நிற்பவருக்கு 'சார்பு வறுமை' என்ற அக்கருத்துக்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

வைட்சாப்பலிலிருந்து கிழக்கே செல்லும் டிஸ்ட்ரிக்ட் லைன், தமிழ்க் கடைப்பலகைகளும் முருகன் கோயிலும் உள்ள ஈஸ்ட் ஹாம் வட்டாரத்தைக் கடந்து பெக்கன்ட்ரீயை அடைகிறது. 1921 முதல் கட்டப்பட்டு, ஏறத்தாழ 26,000 வீடுகளுடன் ஒரு காலத்தில் உலகின் மிகப் பெரிய அரசுக் குடியிருப்பாக இருந்தது இது. நாற்பது ஆண்டுகள் கழித்து இதை ஆராய்ந்த வில்மாட் 1963-இல் வெளியிட்ட நூலில், பெத்னல் கிரீனின் உறவுவலை போன்றதொன்று இங்கே மீண்டும் பின்னப்பட்டிருந்ததைப் பதிந்தார்: மகள்களுக்கு அருகில் வீடு கிடைத்த இடங்களில் தாய்மார் மறுபடி முடிச்சானார்கள். அவ்வீடுகளில் பலவற்றுக்கு ஊதியம் தந்தது, 1931 முதல் இயங்கிய டேகன்ஹம் ஃபோர்டு தொழிற்சாலை. அங்கே கார் இருக்கைகளுக்கு உறை தைத்த பெண்கள், தையற்பொறியில் தேர்வு வைத்துத் தேர்ந்த பின்பே வேலைக்கு எடுக்கப்பட்டனர். எனினும் ஊதியப் பட்டியலில் அவர்கள் குறைந்த திறனுடையோர் என்ற படியிலேயே வைக்கப்பட்டு, அதே படியிலுள்ள ஆண்களின் ஊதியத்தில் 85 விழுக்காடே பெற்றனர். 1968 ஜூனில் 187 பெண்கள் வெளிநடப்புச் செய்து, உற்பத்தியை நிறுத்தி, அமைச்சர் பார்பரா காசில் வரை பேசி, ஆண்களின் ஊதியத்தில் 92 விழுக்காட்டைப் பெற்றனர். அப்போராட்டத்தின் உந்துதலால் 1970-இல் சம ஊதியச் சட்டம் பிறந்தது. நாடு கொண்டாடிய வெற்றி அது. ஆயினும் அவர்கள் முதலில் கேட்டது ஊதிய உயர்வை அன்று, தங்கள் திறன் திறன் என்று பட்டியலில் எழுதப்படுவதை. 1984-இல் மீண்டும் வேலைநிறுத்தம் செய்த பின்னரே அந்தப் படிமாற்றம் கிடைத்தது. 1968-இல் வெளிநடந்தவர்களில் பலர் அதற்குள் ஓய்வு பெற்றிருந்தனர்.